தினமும் போகிறார் என்று சொன்னேன்

கண்டி டவுனில் கக்கூஸ் சாமான் விற்பதுதான் என் தொழில். கடைப் பெயர்ப்பலகையில் நாகரிகமாக வேறு ஏதோ எழுதியிருக்கிறது. உள்ளே வந்தால் கொமட், பேசின், பைப், டைல்ஸ் எல்லாம் இருக்கும். நடுவில் நான் நிற்பேன். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். இந்தத் தொழிலுக்குக் கூச்சம் ஆகாது. வயதானவர்கள் வந்தால் முழங்கால் மடிகிறதா என்று கேட்பேன். புதிதாகக் கலியாணம் முடித்த சோடி வெட்கப்பட்டு நின்றால், காட்சிக்கு வைத்திருக்கும் கொமட்டைத் துடைத்துவிட்டு, "சும்மா உட்காந்து பாருங்க, கொண்டுபோன பிறகு உயரம் பத்தலன்னா மாத்த ஏலாது" என்பேன். வீட்டில் எத்தனை பேர், குழி எவ்வளவு பெரிது, தண்ணீர் எப்படி வருகிறது என்று எல்லாம் கேட்டுத்தான் சாமான் எடுத்துக் கொடுப்பேன். சிங்களத்தில் இதையெல்லாம் இவ்வளவு நயமாகப் பேச உன்னை விட்டால் ஆளில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட வாய் ஒரே ஓரிடத்தில் பொய் சொன்னது. அதை அனுபவித்தது நானல்ல, என் அக்கா.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு வயதில் கொழுந்துக் கூடை எடுத்தார். அம்மா நான் பிறந்த கையோடு படுக்கையில் விழுந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டியது, கழுவிவிட்டது, சோறூட்டியது எல்லாம் அவர். பிறகு அப்பாவும் போனார், அம்மாவும் போனார். அக்காவின் கூடையில்தான் நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், டவுனுக்கு வந்தேன், சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போகும் ஆளானேன். அவருக்குக் கலியாணம் நடந்தது. மூன்றாம் வருடமே கணவர் மரம் விழுந்து செத்துப் போனார். பிள்ளை இல்லை. மறுபடி ஒருவரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, "ஒனக்கு வேற வேல இல்லையா" என்று கேட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்.

பிரஷர் அவருக்கு எத்தனை வருடமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தலை சுற்றினால் இஞ்சி போட்ட தேத்தண்ணி குடிப்பார், அவ்வளவுதான். கால் வீங்கி, முகம் ஊதிய பிறகுதான் கண்டிக்குக் கூட்டி வந்தேன். இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டன என்றார்கள். மிச்சம் இருப்பதைப் பார்த்துப் பாதுகாத்தால் அதை வைத்துக்கொண்டு சில வருடம் ஓட்டலாம். அதுவும் போனால் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மெஷின் என்றதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் அவர் இருந்த லயத்து வரிசை வீடுகளில் மூன்றாம் வீட்டுப் பெண்ணை அப்படித்தான் போட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸுக்கு ஏறிக் கண்டிக்கு வந்து, பொழுது சாயத் திரும்பும் அந்தப் பெண்ணைப் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறக்குவார்கள். ஒரு வருடம் அப்படி நடந்தது. ஒரு நாள் அவளை அப்படியே பெட்டியில் கொண்டு வந்தார்கள்.

"என்னைய அதுல மட்டும் போட்றாத தம்பி. செத்தாலும் மலையப் பாத்துக்கிட்டுச் சாகுறேன்."

"போட விட மாட்டேன்க்கா" என்று கையில் அடித்துச் சொன்னேன். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

அம்பிட்டியவில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தேன். முன் ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி. ஹோலை ஒட்டினாற்போல் குளியலறை. அந்தக் குளியலறைதான் என் பெருமை. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, கடையில் சிறு கீறல் விழுந்ததால் மலிவாக வந்த வெளிநாட்டுக் கொமட்டை நானே வைத்திருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி அதைக் காட்டுவேன். அக்காவுக்கும் காட்டினேன். எப்படித் தண்ணீர் விடுவது என்று பொத்தானை அழுத்திக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அதில் எப்படி உட்காருவது என்று நான் சொல்லவில்லை. தெரியாத வாடிக்கையாளர் கேட்டிருந்தால் பத்து நிமிடம் சொல்லியிருப்பேன்.

குளியலறைக் கதவு மெல்லிய பிளாஸ்டிக். இந்தப் பக்கம் ஹோலில் கதிரை போட்டு என் மகன் டெலிவிஷன் பார்ப்பான், அவன் இருபது வயது ஆம்பிளை. அவனுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன்.

அக்கா எந்த இடத்திலிருந்து வந்தார் என்பது எனக்குத் தெரியாததல்ல. லயத்துக்குக் கீழே ஆறு கதவு வைத்த கக்கூஸ் வரிசை. மூன்று கதவில் உள்ளே பூட்டக் கொண்டி கிடையாது. பெண்கள் விடியுமுன்னே போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வந்துவிட வேண்டும். பிந்தினால் தண்ணீர்ப் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கும் ஆம்பிளைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மலைக்கு ஏறிவிட்டால் அந்தி வரைக்கும் ஒதுங்க இடமில்லை. அதனால் எல்லாப் பெண்களையும் போல அக்காவும் அடக்கப் பழகினார். தண்ணீர் குடித்தால்தானே ஒதுங்கும் தேவை வரும் என்று தண்ணீரையும் குறைத்தார். நாற்பது வருடம் அடக்கிய வயிறு, ஆள் டவுனுக்கு வந்துவிட்டார் என்று ஒரே நாளில் மாறிவிடுமா? அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. பொத்தானைக் காட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது.

கிளினிக் நாள் வந்தது. என் மனைவி ஒரு தைப்புக் கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் நல்ல சிங்களம். "நான் லீவு போட்டுட்டு அண்ணிய கூட்டிட்டுப் போறேன், பொம்பளைக்குப் பொம்பள இருந்தா நல்லம்" என்றாள். நான் சிரித்தேன். டொக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், திருப்பிச் சொல்லவும் என் அளவுக்கு அவளால் முடியாது என்று எனக்கு நினைப்பு. அதைவிட, அக்காவைக் கூட்டிப் போகிறவன் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. படிக்க வைத்த தம்பி டொக்டர் முன்னால் கதிரை இழுத்துப் போட்டுப் பேசுவதை அவர் பார்க்க வேண்டாமா?

டொக்டர் ஓர் இளம் பெண். எனக்கொரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவசரப்படாமல் பேசினார். நான் சிங்களத்தில் கேட்டு, அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் உப்பு, கருவாடு, வாழைப்பழம், கீரை, இளநீர் என்று கூடாதவற்றைச் சொன்னார். நானும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். பிறகு அவர் ஒரு தாளில் வயிற்றையும் குடலையும் வரைந்தார்.

நம் குடலுக்குள் எண்ண முடியாத அளவு கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அவை எதிரிகள் அல்ல. நாம் சாப்பிட்டு மிஞ்சும் நாரைத் தின்றுகொண்டு, அவை தம் பாட்டுக்கு நல்ல வேலை செய்யும். நார் கிடைக்காமல், கழிவு வெளியே போகாமல் நாள்கணக்கில் உள்ளே தங்கினால், அதே கிருமிகள் மீன், முட்டை, பருப்பின் மிச்சத்தை அழுக வைத்து ஒருவித நஞ்சை உண்டாக்கும். நல்ல சிறுநீரகம் அந்த நஞ்சைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. நஞ்சு இரத்தத்தில் சுற்றும், மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் அரிக்கும். சிறுநீரகம் இன்னும் கெட்டால் இரத்தத்தில் சேரும் கழிவு திரும்பக் குடலுக்குள் கசிந்து, கெட்ட கிருமிகளையே வளர்க்கும். வாழைப்பழமும் கீரையும் வேண்டாம் என்று நாங்களே குறைப்பதால் நார் இன்னும் குறைகிறது, அதனால்தான் இந்த விஷயத்தில் கவனம் வேண்டும் என்றார்.

அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ள என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. மலக்குழி வேலை செய்வதும் கிருமியால்தான். குழி சீக்கிரம் நிரம்புகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அசிட் ஊற்றினீர்களா என்றுதான். உள்ளே இருக்கும் கிருமிதான் அழுக்கைக் கரைக்கிறது, அதைக் கெடுத்தால் குழி நாறும் என்று வாரத்துக்கு நாலு பேருக்காவது சொல்கிறேன். டொக்டர் படம் போட்டு முடிப்பதற்குள் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதை நினைத்து உள்ளுக்குள் பூரித்தும் போனேன்.

அப்போது டொக்டர் பேனையை எடுத்துக்கொண்டு, "தினமும் மலம் போகிறதா என்று அவரிடம் கேளுங்கள். போகவில்லை என்றால் ஒரு பாணி மருந்து தர வேண்டும்" என்றார்.

அக்கா என் வலப்பக்கத்தில் இருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மடியில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பி, "அக்கா, தெனமும் வெளிக்குப் போறீங்களா?" என்று கேட்க வேண்டும். நாலே நாலு வார்த்தை. பெரியவர்களை அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்று சொல்ல முடியாது. கடையில் கேட்காத நாளில்லை. என் குண்டியைக் கழுவிய கையிடம் எனக்கு என்ன கூச்சம்? ஆனால் வாய் வரவில்லை. தம்பி அக்காவிடம் கேட்கிற கேள்வி அது இல்லை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, என் உடம்பு முழுக்க எழுதியிருந்தது. அவர் தலை குனிந்து போவார், அந்தக் குனிந்த தலையை நான் பார்க்க வேண்டும், அந்த டொக்டர் பிள்ளை எங்கள் இருவரையும் பார்க்கும்.

தலையைத் திருப்பாமலே, "போகிறார், தினமும் போகிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் கொப்பியை வாங்கி அதை எழுதினார். பாணி மருந்து எழுதவில்லை. தினமும் போகிறவருக்கு எதற்கு?

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா கேட்டார். "டொக்டரம்மா அந்தப் படம் போட்டு என்னா சொன்னாங்க?"

"சாப்பாட்டு விஷயந்தான்க்கா. காய்கறிய வேக வச்சுத் தண்ணிய ஊத்திறணுமாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

மூன்று மாதம் போயிற்று. என் மனைவி காய்கறியை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். உப்பில்லாத சோற்றை அக்கா பிசைந்துகொண்டே இருப்பார். பிறகு பசியில்லை என்று தட்டை மூடிவிடுவார். மேலெல்லாம் அரிக்கிறது என்று சுவரில் முதுகைத் தேய்ப்பார். வாயில் ஒரு வாடை வந்தது. பேசும்போது கையால் வாயை மூடிக்கொண்டார். எல்லாம் அந்த வியாதியின் குணம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். இருமலுக்கு என்று சந்தியில் உள்ள டிஸ்பென்சரியில் கலர் கலராகக் கிருமி கொல்லும் குளிசை வாங்கி வந்து கொடுத்தவனும் நான்தான். குழியில் அசிட் ஊற்றாதே என்று ஊருக்குச் சொல்கிறவன்.

ஒரு நாள் அந்திக்கு, கடையிலிருந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா குசினியில் இருந்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணி பாத்ரூம் போறதப் பத்தி."

"என்னா?"

"அவங்க ஒழுங்கா..."

"அதெல்லாம் பொம்பளைங்க விஷயம். என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று கத்தினேன். கத்தியது எதற்கென்று எனக்கு அப்போதே தெரியும். கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, அதில் அவள் கை பட்டுவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தெல்தெனியவிலிருந்து வந்த ஒருவர் தாய்க்காகக் கொமட் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எத்தனை வயது, பிடித்து எழும்பக் கம்பி வைப்போமா என்று நான் கரிசனையோடு கேட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மனைவி. வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாளாம். "அண்ணி ஒரு மாதிரிப் பேசுறாங்க. கூடைய எங்க வச்சீங்கன்னு கேக்குறாங்க. கையெல்லாம் நடுங்குது. ஒடனே வாங்க."

நான் போனபோது அக்கா கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, கங்காணி கொழுந்தை நிறுத்துவிடுவான், பிந்திவிட்டோம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். ஓட்டோவில் ஏற்றினோம். வழி நெடுக என் தோளில் சாய்ந்து, இல்லாத கொழுந்தை விரலால் கிள்ளிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். வார்ட்டில் இருந்த நர்ஸ் மிஸ் கடைசியாக எப்போது மலம் போனது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்.

"எட்டு நாள்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தமிழில் மெதுவாகச் சொன்னாள். "நேத்துத்தான் வாயத் தெறந்தாங்க. வந்த முதல் நாளு அந்தக் கொமட்டு மேல கால வச்சு ஏறிக் குந்தப் போயி வழுக்கிட்டாங்களாம். அதுக்கப்பறம் பயம். அடக்கி அடக்கி, நாலு நாளு அஞ்சு நாளுக்கு ஒருக்கா, நம்ம எல்லாரும் வேலைக்குப் போன நேரமாப் பாத்து... மூணு மாசமா இப்பிடித்தான். இந்தத் தடவ எட்டு நாளாப் போகவே இல்ல. அதச் சொல்லத்தான் நேத்து வந்தேன்."

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது, நஞ்சு மூளையைப் பிடித்திருந்தது. இதயம் நின்றுவிடலாம் என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு உடனே மெஷினில் போட வேண்டும், ஒப்பம் வைக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். நான் வைத்தேன். கையில் அடித்துச் சத்தியம் செய்த அதே கை.

மூன்றாம் நாள் அக்காவுக்குத் தெளிந்தது. கண்ணை விழித்து, கழுத்திலிருந்து போகும் குழாயைப் பார்த்தார், அது போய்ச் சேரும் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சாப்பிட்டியா?" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன்.

அவர் வீட்டுக்கு வருமுன் நான் ஒரு வேலை செய்தேன். வீட்டுக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கக்கூஸ் கட்டினேன். குந்தியிருக்கும் பீங்கான், கனமான பலகைக் கதவு, உள்ளே நல்ல கொண்டி. மேசன் பாஸ் ஒருவரையும் வைத்துக்கொண்டு நாலு நாளில் முடித்தேன். ஹோலுக்குச் சத்தம் கேட்காது. அந்தக் கொண்டியை நான் ஐம்பது தடவையாவது போட்டுத் திறந்து பார்த்திருப்பேன்.

அக்கா வந்து அதைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தப் பார்த்தார். கால் தாங்கவில்லை. மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிறகு வேறு வழியில்லாமல், என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைக்க, ஹோலை ஒட்டியிருக்கும் அந்தக் கொமட்டுக்கே போனார். மகன் தானாக எழுந்து வெளியே போய்விட்டான். நானும் போனேன். பின்னால் கட்டியது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. விளக்குமாறும் வாளியும் வைக்கிறோம்.

அடுத்த கிளினிக்கில் அதே டொக்டர். கொப்பியைப் புரட்டி, பழைய பக்கத்தைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கினார். தினமும் போகிறது என்று எழுதியிருக்கிறதே என்றார்.

"நான் பொய் சொன்னேன், டொக்டர்" என்றேன். "அக்காவிடம் கேட்கவே இல்லை. கேட்க வெட்கமாக இருந்தது. நானாகச் சொன்னேன்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். எனக்கு அந்த நேரத்தில் கன்னத்தில் ஒரு அறை வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக, அக்காவுக்கு எப்படியும் ஒருநாள் மெஷின் தேவைப்பட்டிருக்கும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். எவ்வளவு காலம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று கேட்டேன். சில மாதமாக இருக்கலாம், இன்னும் கூடவாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போயிருக்கலாம், தெரியாது என்றார். இந்தத் "தெரியாது" என்னை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லியிருந்தால் இரண்டு வருடத்தைத் திருடியவன் என்று என்னை நானே கணித்துக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

"இப்போது கேளுங்கள்" என்றார் டொக்டர்.

திரும்பினேன். "அக்கா, வெளிக்குப் போனீங்களா?"

"முந்தாநாளு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். பாணி மருந்து எழுதினார். எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வெளியில் வாங்குப் பலகையில் அக்காவை இருத்திவிட்டு, அவருடைய காலருகே நானும் குந்திக்கொண்டேன்.

"அக்கா, அன்னைக்கு டொக்டர் இதத்தான் கேட்டாங்க. நான்..."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"தெனமும் போறாங்கன்னு சொன்ன. அந்தச் சிங்களங்கூட எனக்கு வெளங்காதா? நாப்பது வருஷமா பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பொம்பளைங்களோட ஒரே மலையில நின்னவ நான். கிருமி, நஞ்சு, எல்லாந்தான் வெளங்கிச்சு."

"அப்ப ஏன்க்கா அங்கனயே சொல்லல? இல்ல, போறதில்லன்னு ஒரு வார்த்தை..."

"நீதான் சொல்லிட்டியே. அதுக்கப்பறம் நான் இல்லன்னா, டொக்டரம்மா ஒன்னையத்தானே பொய்க்காரன்னு நெனப்பாங்க. கதிரைய இழுத்துப் போட்டுக்கிட்டு எவ்வளவு அழகாப் பேசிக்கிட்டிருந்த."

சொல்லிவிட்டு என் சட்டைக் கொலரில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, நான் அவருடைய முழங்காலில் முகத்தை வைத்து அழுதேன். அவர் பஸ் பிந்திவிடும் என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது மாதம் மெஷினில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப் போனேன். சில நாள் மனைவி வந்தாள். படுக்க வைத்து, நிறை பார்த்து, குழாயைப் பூட்டுமுன் மிஸ் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. சுற்றி ஏழெட்டுக் கட்டில்கள், ஆம்பிளைகளும் பொம்பளைகளும். நான் சத்தமாகக் கேட்பேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நேற்று, இன்றைக்கு விடிய என்று பதில் சொல்வார். நான் சிங்களத்தில் சொல்வேன். அந்தக் கேள்வியைத் தவிர எங்கள் இருவருக்கும் பேச வேறொன்றும் இல்லாத நாள்களும் இருந்தன. ஹேவாஹெட்டக்கு ஒருமுறை கூட்டிப் போ என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். இரண்டு மெஷின் நாளுக்கு நடுவில் அந்த மலைப் பாதையில் போய் வரும் தெம்பு அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

கடைசியாகப் போன தடவை மழை. ஓட்டோவிலிருந்து நானே தூக்கி இறக்கினேன். கொழுந்துக் கூடை அளவு பாரம்கூட இல்லை. கட்டிலில் படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மிஸ் வந்து வழக்கம்போல் கேட்டார். நான் குனிந்து, "அக்கா, வெளிக்குப் போனீங்களா?" என்றேன். பதில் வரவில்லை. திரும்பக் கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே உதட்டை மட்டும் அசைத்தார். "நீயே சொல்லிரு தம்பி."

மிஸ் பேனையோடு காத்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது" என்றேன்.